பாடுவது இரண்டு பேர், கேட்பது ஒரு கூட்டம்: ஆபா பாடல்களின் நாடா நுட்பம்

"ஸ்வீடன் பாப் இசைக்குழுவான ஆபாவின் டான்சிங் குவீன் பாட்டில் பாடுவது இரண்டே பெண்கள்தானே, பல்லவி வந்ததும் ஒரு கூட்டமே பாடுவதுபோல் எப்படிக் கேட்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அந்தக் கனம் குரலில் மட்டும் இல்லை. பியானோ, கிட்டார் எல்லாவற்றிலும் இருக்கிறது. டான்சிங் குவீன், மம்மா மியா, எஸ்.ஓ.எஸ். என்று ஆபா ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக முதல் வரிசையில் வைக்கும் பாடல்களுக்கு அதுவே முகவரி.

அதன் பின்னால் இருந்தவர் ஸ்வீடன் நாட்டு ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ. 1960களில் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஒரே அறையில் பல பியானோ, பல கிட்டார் கலைஞர்களை உட்காரவைத்து ஒன்றாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். ஸ்டாக்ஹோமில் அத்தனை பேரை அமர்த்தக் கட்டுப்படியாகாது. இருக்கும் கலைஞர்களையே திரும்ப வாசிக்கச் சொல்லி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார் ட்ரெட்டோ. 1973-இல் வந்த ரிங் ரிங் பாட்டிலேயே இது தொடங்கிவிட்டது.

அடுக்குவது மட்டும் போதாது. ஒரு பதிவை அப்படியே நகலெடுத்து அதன்மேலேயே சேர்த்தால் 6 டெசிபல் சத்தம் கூடும், அவ்வளவுதான். மறுபடி வாசித்துச் சேர்த்தால் கொஞ்சம் தேறும். ஆனால் பியானோவின் கம்பி இரண்டாம் முறையும் அதே அதிர்வெண்ணில்தான் அதிரும். ட்ரெட்டோ இங்கேதான் ஒலியைப் பதியும் காந்த நாடாவின் வேகத்தில் கைவைத்தார்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது, பதிவுக்கருவியை 0.5 சதவீதம் மெதுவாக ஓடவிடுவதாக வைத்துக்கொள்வோம். ஹெட்போனில் முதல் பதிவு சற்றே தாழ்ந்து, சற்றே மெதுவாகக் கேட்கும். கலைஞர் அந்தத் தாளத்தோடு வாசிப்பார். அவருடைய பியானோவின் சுரம் மட்டும் வழக்கமான 440 ஹெர்ட்ஸில்தான் (நொடிக்கு 440 அதிர்வு) நிற்கும். பிறகு நாடாவை இயல்பான வேகத்தில் ஓட்டினால் முதல் பதிவு 440-க்குத் திரும்பிவிடும், இரண்டாவது 442.2-க்கு ஏறிவிடும். தாளமோ துளியும் பிசகாது, ஏனென்றால் இரண்டும் ஒரே நாடாவில் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் இருக்கின்றன. காலம் பூட்டப்பட்டிருக்க, சுருதி மட்டும் நழுவுகிறது. இந்த நுட்பத்தின் அழகே இதுதான்.

இனி பள்ளிப் பாடத்தில் வரும் விம்மல்கள். 440-ம் 442.2-ம் சேர்ந்தால் ஒலி நொடிக்கு 2.2 முறை ஏறி இறங்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் இந்த அலைவைக் கேட்டுத்தான் முறுக்குகிறார்கள். அலைவு நின்றால் சுருதி சேர்ந்துவிட்டது. ஆனால் ஆபாவின் பியானோவில் அப்படி ஓர் அலைவு தனியாகத் துடிப்பதில்லையே, ஏன்? பியானோவின் ஒரு சுரத்தில் அடிப்படை அதிர்வெண் மட்டும் இல்லை, அதன் மடங்குகளும் உண்டு. 880-க்கு அருகில் 884.4 நிற்கும், அங்கே நொடிக்கு 4.4 விம்மல்கள். 1320-க்கு அருகில் 1326.6, அங்கே 6.6. அடுத்ததில் 8.8. ஒவ்வொரு மடங்கும் தன் வேகத்தில் ஏறி இறங்குவதால், ஒன்று தணியும்போது இன்னொன்று எழுகிறது. மொத்த ஒலி துடிக்காமல், உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பல கருவிகள் சேர்ந்து ஒலித்தால் காதுக்குக் கிடைக்கும் அடையாளமும் இதுவே. மூன்றாம் அடுக்கை 0.5 சதவீதம் வேகமாக ஓடவிட்டுப் பதிந்தால் அது 437.8-க்கு இறங்கும், மூன்றும் சேரும்போது சுருதியின் நடு பழையபடி 440-இலேயே இருக்கும்.

குரலுக்கு இந்த வித்தை பாதிதான் பலிக்கும். பாடுபவர் ஹெட்போனில் கேட்கும் சுருதியோடு சேர்ந்து தானும் இறங்கிவிடுவார், இயல்பான வேகத்தில் ஓட்டும்போது இரண்டும் சேர்ந்தே ஏறும். அங்கே கூட்டத்தை உருவாக்குவது மனிதத் தொண்டை. ஆபாவின் பாடகிகள் ஆக்னெத்தா ஃபால்ட்ஸ்கோக், ஃப்ரீடா லிங்ஸ்டாட் இருவரும் எத்தனை துல்லியமாகப் பாடினாலும், மறுமுறை பாடும்போது ஒவ்வோர் எழுத்தும் மில்லிநொடிக் கணக்கில் முன்பின் விழும், சுருதி மயிரிழை மாறும். ஆக்னெத்தாவின் குரல் மேல்தளத்தது, ஃப்ரீடாவினுடையது அதற்குக் கீழே. ஒரே வரியை இருவரும் சேர்ந்து பாடி, அதைத் திரும்பவும் பாடி அடுக்கினால் கூட்டம் தானாக வந்துவிடும்.

அளவு தப்பினால் காரியம் கெடும். வேகத்தை 3 சதவீதம் மாற்றினால் சுருதி ஏறத்தாழ கால் தொனி விலகும், பியானோ பழுதானதுபோல் கேட்கும். பேஸ் கிட்டாரை இப்படி அடுக்கவே கூடாது: 55 ஹெர்ட்ஸில் 0.5 சதவீத வித்தியாசம் என்றால் 3.6 நொடிக்கு ஒரு விம்மல். அதாவது பாட்டின் அடித்தளமே 3.6 நொடிக்கு ஒருமுறை மெலிந்து காணாமல்போகும்.

சுருதி பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 432 ஹெர்ட்ஸ் பிரபஞ்சத்தின் அதிர்வெண், நோயைத் தீர்க்கும் என்று காணொளிகள் சுற்றுகின்றன. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. நொடியோ மனிதர்கள் வகுத்துக்கொண்ட அளவு. நொடியை வேறு மாதிரி வகுத்திருந்தால் அந்த 432 வேறு எண்ணாகியிருக்கும். அப்படியிருக்க, பிரபஞ்சம் அந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுக்கும்? நோயாளிகளிடம் இதைச் சொல்லிக் காசு பறிப்பது அநியாயம்.

வீட்டில் செய்து பார்க்க ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். முடிந்த பாட்டை நகலெடுத்து 0.5 சதவீதம் மெதுவாக்கிச் சேர்ப்பதுதான் பலரும் முதலில் செய்வது. அது ஒத்துவராது; 3 நிமிடம் 50 நொடிப் பாட்டில் கடைசியில் 1 நொடிக்கு மேல் பிந்திவிடும். சரியான வழி இது: பின்னணியின் நகலை −0.5 சதவீதம் மெதுவாக்கி, அதைக் கேட்டபடி கிட்டாரை மறுபடி வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு கிட்டார் தடத்தை மட்டும் +0.503 சதவீதம் வேகப்படுத்தி அசல் பின்னணியோடு சேருங்கள். +0.5 போதாது, குறைத்ததும் கூட்டுவதும் வெவ்வேறு அளவிலிருந்து கணக்காவதால்தான் அந்தக் கடைசி இலக்கங்கள். கணினி பதிவைச் சில மில்லிநொடி தாமதமாக எழுதியிருக்கும்; முதல் தட்டலைப் பெரிதாக்கிப் பார்த்து, தடத்தை இடப்பக்கம் நகர்த்திச் சரிசெய்யுங்கள். பழைய கிட்டாரை இடது காதுக்கும் புதியதை வலது காதுக்கும் பிரித்து வைத்தால் ஒலி அகலமாகும். ஒரே ஸ்பீக்கர் உள்ள கைபேசியில் இரண்டும் ஒன்றாகி விம்மல் துருத்திக்கொண்டு கேட்கும் என்பதால், முடிப்பதற்கு முன் அதிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் புதிய கிட்டாரின் ஒலியளவைக் குறையுங்கள்.