ஒயில் சொட்டும் இடமும் கசியும் இடமும்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் போட்டுகள் கட்டியிருக்கும் பக்கம் தண்ணீரை எட்டிப் பார்த்தால், வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கக் காணலாம். நயினாதீவுக்குப் போக வந்தவர்கள் அதைக் கண்டு, ஏதோ ஒரு எஞ்சின் உடைந்து ஒயில் முழுவதும் கடலுக்குள் போகிறது என்று நினைப்பதுண்டு. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. அதுதான் அந்த வானவில். படலத்தின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீற்றர் அளவில் இருந்தால்தான் அது தெரியும். அந்தத் தடிப்பில் ஒரு லீற்றர் ஒயில் 1000 சதுர மீற்றருக்குப் பரவும். எங்கள் கணக்கில் நாலு பரப்புக் காணி. ஒரு தேக்கரண்டி ஒயிலே ஐந்து சதுர மீற்றரை மூடிவிடும்.

ஆகவே கடலைப் பார்த்துக் கசிவை அளக்க முடியாது. எஞ்சின் ஓடிய மணித்தியாலங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக்கில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துத்தான் அளக்கலாம். அது சுலபமான வேலை. எங்கிருந்து கசிகிறது என்ற கேள்விதான் ஆளைச் சுற்ற வைக்கும்.

லொறி எஞ்சின் என்றால் கீழே படுத்துப் பார்த்துவிடலாம். போட்டில் எஞ்சின் பலகைகளுக்கு அடியில், வள்ளத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடிப்பாகத்தைப் பார்க்கக் கண்ணாடித் துண்டும் ரோச் லைற்றும் வேண்டும். சொட்டுகிற ஒயிலோ, அடியில் தேங்கிய உப்புத் தண்ணீர், சிந்திய டீசல், போன வருடத்து ஒயில் எல்லாவற்றோடும் கலந்து ஒரே கறுப்பாகக் கிடக்கும். இதற்குமேல் ஒயிலுக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேற்பரப்பு இழுவிசை தண்ணீரின் பாதிக்கும் குறைவு. அதனால் உலோகத்தில் துளியாக நிற்காமல் படர்ந்து, விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். மேலே எஞ்சினின் தலையை மூடும் ரொக்கர் கவரில் கசிந்த ஒயில், எஞ்சினின் உடலான புளொக்கின் பின்பக்கத்தால் இறங்கி, கியர்பொக்ஸ் பூட்டியிருக்கும் இடத்தில் வந்து சொட்டும். சொட்டும் இடம் எஞ்சினின் மிகத் தாழ்ந்த இடம், அவ்வளவுதான். ஓட்டை அங்கேதான் இருக்கவேண்டும் என்று ஒரு நியதியும் இல்லை.

எனவே முதல் வேலை கழுவுவது. பலருக்கு இது பிடிக்காத வேலை, ஆனால் இதைத் தவிர்த்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தம் இல்லை. மண்ணெண்ணெயும் தூரிகையும் போட்டு அழுக்கைக் கரைத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான பொருத்துகளின்மேல் முகத்துக்குப் போடும் வெள்ளைப் பவுடரைத் தூவவேண்டும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், ஒயில் பட்ட இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். கோட்டின் மேல்நுனிதான் நமக்குத் தேவை. கொஞ்சம் காசு செலவழிக்கலாம் என்றால், ஒயிலில் கலக்கும் ஒளிர்சாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த கதிரை உறிஞ்சி, அதை நீண்ட அலைநீளமுள்ள மஞ்சட்பச்சை ஒளியாகத் திருப்பி விடும் பொருள் அது. இருட்டில் அந்தக் கதிரை விடும் விளக்கைப் பிடித்தால் கசிவின் பாதை முழுதும் மினுங்கும். பலகைக்கடியில் எப்போதும் இருட்டுத்தானே, அந்த வசதியாவது போட்டில் உண்டு.

கழுவும்போதே நிறத்தையும் கவனிக்கலாம். டீசல் எஞ்சின் ஒயில் கறுப்பு. ஹைட்ரோலிக் கியர்பொக்ஸ்கள் பலவற்றில் ஊற்றுவது சிவப்பு ஒயில். பின்பக்கத்தில் சிவப்பு தெரிந்தால் எஞ்சினைக் குற்றம் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, எஞ்சினுக்குள் ஒயில் இருக்கும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பம்பிலிருந்து பில்ரர், கூலர், புளொக்கின் உள்வழிகள், சுழலும் பாகங்களைத் தாங்கும் பெயாரிங்குகள் வரைக்கும் ஒயில் அமுக்கத்தில் ஓடுகிறது. பழைய டீசல் எஞ்சின்களில் ஓட்டத்தின்போது அது பொதுவாக 2 முதல் 4 பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரு குழாயோ பில்ரரின் ரப்பர் வளையமோ விட்டுக்கொடுத்தால் ஒயில் சீறிக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில், எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்ப் வற்றிவிடும், பெயாரிங் பிடித்துவிடும். நெடுந்தீவுக்குப் போகிற வழியில் அப்படி ஆனால் எஞ்சினை உடனே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இப்படிப்பட்ட கசிவு எஞ்சின் ஓடும்போது மட்டும் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். ரொக்கர் கவர், ரைமிங் கவர், சம்பின் கஸ்கெற் (பொருத்துக்கு நடுவே வைக்கும் அடைப்பு), பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங்சாப்றின் முன் சீல், பின் சீல் (சாப்ற் வெளியே வரும் இடத்தில் ஒயிலைத் தடுப்பவை) ஆகியவற்றுக்குப் பம்பின் அமுக்கம் வருவதில்லை. அங்கே தெறித்து வழிந்து இறங்கும் ஒயில் மட்டும்தான். அங்கே நடப்பது மெதுவான கசிவு. எஞ்சினை நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும்.

"பின் சீல் போட்டுது தம்பி, எஞ்சினைக் கழட்டத்தான் வேணும்." பழைய எஞ்சின் வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது கேட்கும் தீர்ப்பு இது. பின் சீலை மாற்ற கியர்பொக்ஸ், கிராங்சாப்றின் பின்நுனியில் உள்ள கனமான பறக்கும் சில்லு எல்லாவற்றையும் எடுக்கவேண்டும். போட்டில் பின்னால் இடம் இல்லாததால் பல வேளைகளில் எஞ்சினையே தூக்கவேண்டிவரும். செலவு அதிகம் என்பதால்தான் இந்தத் தீர்ப்பைக் கடைசிவரை ஒத்திப்போடச் சொல்கிறேன்.

பின் சீல்மேல் பழி விழுவதற்குப் போட்டின் அமைப்பே ஒரு காரணம். காற்றாடிச் சாப்ற் கடலுக்குள் சரிந்து இறங்குவதால், எஞ்சினும் அதே சரிவில் பூட்டப்படுகிறது. பத்துப் பாகை சரிவு சாதாரணம். 70 சென்ரிமீற்றர் நீளமான எஞ்சினில் அது முன்னுக்கும் பின்னுக்கும் 12 சென்ரிமீற்றர் உயர வித்தியாசம். சம்பில் உள்ள ஒயில் முழுதும் பின்பக்கம் போய் நிற்கும். லொறி எஞ்சினைக் கடலுக்கேற்ப மாற்றிப் பூட்டியிருந்தால் இன்னொரு சிக்கல் வரும். டிப்ஸ்ரிக்கில் உள்ள கோடுகள் எஞ்சின் மட்டமாக நிற்கும் என்று நினைத்துப் போட்டவை. டிப்ஸ்ரிக் முன்பக்கமாக இருந்தால் அளவு குறைவாகக் காட்டும். குறைவு என்று ஊற்றுவோம், மறுபடியும் குறைவு, மறுபடியும் ஊற்றுவோம். கடைசியில் பின் சீல் ஒயிலுக்குள் மூழ்கும், சுழலும் கிராங் ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரை கிடைத்த சந்தெல்லாம் வெளியே வரும். சீலில் ஒரு பிழையும் இருக்காது. ஒயிலை முழுவதும் இறக்கி, அந்த எஞ்சினுக்குரிய அளவை லீற்றர் கணக்கில் ஊற்றி, போட் தண்ணீரில் நிற்கும்போது டிப்ஸ்ரிக்கில் புதுக் கோடு கீறிவிடுவது நல்லது.

இனி நான் முக்கியமாகச் சொல்லவந்த விடயம். எஞ்சின் மூச்சு விடும்.

பிஸ்ரனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள வளையங்களான றிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், வெடிப்பின் வாயுவில் சிறு பங்கு கீழே நழுவிக் கிராங் பெட்டிக்குள் வரத்தான் செய்யும். புது எஞ்சினிலும் வரும், தேய்ந்த எஞ்சினில் அதிகமாக வரும். அந்த வாயு வெளியேறத்தான் பிறீதர் என்ற குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு கம்பிவலை இருக்கும். வருடக்கணக்கில் கரியும் ஒயிலும் படிந்து வலை அடைபட்டுவிட்டால் வாயுவுக்குப் போக இடமில்லை. புட்டுக் குழலில் மாவை இறுக்கி அடைத்தால், ஆவி மேலே வராமல் பானையும் குழலும் பொருந்தும் வாயால் சீறுமே, அதேதான் இங்கும். உள்ளே ஏறும் அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுகிறது. எந்தச் சீல் பலவீனமோ அந்த வழியாக ஒயிலையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்தச் சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தால் வரும். "எல்லாச் சீலும் மாற்றியாச்சு, இன்னும் ஒழுகுது" என்று அலுத்துக்கொள்பவர்களின் எஞ்சினில் பிறீதரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

பழைய எஞ்சின்கள் சிலவற்றில் பின்னால் ரப்பர் சீலே கிடையாது. கிராங்சாப்றில் திருகாணிபோல ஒரு புரி வெட்டியிருப்பார்கள். சாப்ற் சுழலும்போது அந்தப் புரி ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும். அழகான யோசனை, தேயும் ரப்பர் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே கொஞ்சம் அமுக்கம் கூடினாலே புரி தோற்றுவிடும். இப்படிப்பட்ட எஞ்சினில் பிறீதர் சுத்தமாக இல்லாவிட்டால் வேறு எந்த வேலை செய்தும் பயனில்லை.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் புகை மெல்ல வருகிறதா, அல்லது புஸ் புஸ் என்று அடிக்கிறதா என்று பார்க்கலாம். சரியாக அளக்க, ஒளிபுகும் குழாய் ஒன்றை U வடிவில் வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு நுனியை டிப்ஸ்ரிக் குழாயில் இறுக்கமாகச் செருகவேண்டும். இரு பக்க நீர்மட்டங்களின் வித்தியாசமே அமுக்கம். 10 சென்ரிமீற்றர் என்றால் ஒரு பாரின் நூறில் ஒரு பங்கு. நல்ல எஞ்சினில் மட்டம் அதிகம் அசையாது. ஆனால் வெறும் ஓட்டத்தில் பார்த்து ஏமாறக்கூடாது. சுமை ஏறினால்தான் வாயு அதிகம் நழுவும். போட்டைத் துறையில் முன்னும் பின்னும் உறுதியாகக் கட்டி, கியரைப் போட்டுச் சுமையில் ஓட்டிப் பார்க்கவேண்டும். பிறீதரைக் கழற்றி வைத்தவுடன் மட்டம் இறங்கினால் அடைப்பு. கழற்றியும் வாயு பலமாக வந்துகொண்டேயிருந்தால் றிங்குகள் தேய்ந்துவிட்டன. அப்போது கசிவு ஒரு சிறு அறிகுறிதான், எஞ்சினைத் திறக்கும் காலம் வந்துவிட்டது.

தடித்த ஒயில் ஊற்றினால் நிற்கும் என்பது பழைய கைமருந்து. ஒரு மெல்லிய சந்தின் வழியே ஒயில் போகும் வேகம் அதன் பாகுத்தன்மைக்கு எதிர்விகிதமானது. பாகுத்தன்மையை இரட்டித்தால் கசிவு பாதியாகும். சந்தின் அகலமோ மும்மடியாக வேலை செய்கிறது. அகலத்தைப் பாதியாக்கினால் கசிவு எட்டிலொன்றாகிவிடும். ஆகவே ஒயிலோடு மல்லுக்கட்டுவதைவிடப் பொருத்தைச் சரிசெய்வதில்தான் லாபம். சூடும் பெரிய வேலை செய்கிறது. சாதாரண 15டபிள்யூ-40 ஒயில் 40 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 100 பாகையில் ஏழெட்டு மடங்கு நெகிழ்ந்துவிடும். குளிர்ந்த எஞ்சினைப் பார்த்து "ஒழுக்கு நின்றுவிட்டது" என்று சொல்ல முடியாதது அதனால்தான். குளிர்நாடுகளில் தடித்த ஒயிலைக் காலையில் பம்ப் இழுக்காது என்று பயப்படுவார்கள். எங்கள் வெயிலுக்கு அந்தப் பயம் குறைவு, அதனால் தற்காலிகமாக ஒருபடி தடித்ததை ஊற்றுவதில் பெரிய பாவம் இல்லை.

கடல் எஞ்சினுக்கே உரிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கடல்நீர் இழுக்கும் பம்ப். அதன் சாப்றில் ஒருபக்கம் தண்ணீருக்கு ஒரு சீல், மறுபக்கம் ஒயிலுக்கு ஒரு சீல், இரண்டுக்கும் நடுவே உடலின் அடியில் சிறு துளை. தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ச் சீல், ஒயில் சொட்டினால் ஒயில் சீல். சொட்டுகிறதே என்று சிலர் அந்தத் துளையை அடைத்துவிடுவார்கள், அல்லது உப்பும் பெயின்றும் தாமாகவே அடைத்துவிடும். பிறகு கடல்நீர் நேரே எஞ்சினுக்குள் போகும்.

மற்றது ஒயில் கூலர். உள்ளே மெல்லிய குழாய்கள், ஒருபுறம் ஒயில், மறுபுறம் தண்ணீர். பல எஞ்சின்களில் அது கடல்நீர்தான். அரித்து ஊசித்துளை விழுந்தால் வள்ளத்துக்குள் ஒரு துளி ஒயிலும் இருக்காது, ஆனால் டிப்ஸ்ரிக் இறங்கிக்கொண்டே போகும். ஓடும்போது ஒயிலின் அமுக்கம் தண்ணீரைவிட அதிகம், அதனால் ஒயில் கடலுக்குப் போகிறது. நிறுத்தியபின் தண்ணீர் ஒயிலுக்குள் வரலாம். டிப்ஸ்ரிக்கில் பால்தேநீர் நிறம் தெரிந்தால் எஞ்சினை மறுபடி ஸ்ராட் பண்ணவே கூடாது. இதற்கு எதிர்மாறானதும் உண்டு. ஒயில் மட்டம் குறையாமல் ஏறுகிறது, மணந்து பார்த்தால் டீசல் வாசம். டீசல் பம்பின் சவ்வு கிழிந்து டீசல் சம்புக்குள் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். ஐதான ஒயில் எல்லாச் சந்தாலும் ஒழுகும், அதைவிட மோசம், பெயாரிங்கைக் காக்காது.

மற்றவை சில்லறை வேலை. தகட்டுக் கவரின் நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் தகடு நெளிந்து நட்டுகளுக்கு நடுவே சந்து விழும். ஒழுகுகிறதே என்று இன்னும் முறுக்குபவர்கள் கசிவைக் கூட்டுகிறார்கள். செம்பு வொஷர் ஒருமுறை நசுங்கினால் கடினமாகிவிடும். செந்தழலாகக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மெதுமையாகும், புதிது கிடைக்காத இடத்தில் அது போதும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது உதிரிப்பாகம் என்றால் கனவுதான். மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊருக்கு இதையெல்லாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தகட்டுச் சம்ப் உள்ள எஞ்சினில் அடித்தண்ணீர் சம்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு தகட்டை வெளியிலிருந்து தின்னும், பெயின்ற் கொப்புளித்த இடத்தை ஆணியால் குத்தினால் ஆணியே உள்ளே போகும்.

எதைச் சரிசெய்தாலும் முதல் ஓரிரு ஓட்டத்துக்குக் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். மூலைகளிலும் பறக்கும் சில்லின் கூட்டுக்குள்ளும் தங்கியிருந்த பழைய ஒயில் அது. எஞ்சினுக்கு அடியில் ஒரு காட்போட் மட்டையை விரித்து, முன்பக்கம் எது என்று பேனையால் எழுதி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மட்டையை மாற்றிக்கொண்டு வந்தால், கறை சிறுத்துக்கொண்டு போகிறதா அல்லது அப்படியே நிற்கிறதா என்பது இரண்டு மூன்று மட்டைகளிலேயே தெரிந்துவிடும்.