மீன் இங்கே, கூடை அங்கே

1997 ஜனவரி 14. வட கேரளத்தில் வடகரைக் கடற்கரை. அன்று காலை 11 மீனவர்கள் படகு நிறைய மத்தி மீனுடன் நின்றிருந்தார்கள். வாங்க ஓர் ஆள்கூட இல்லை. மீனைக் கொட்டிவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை. அதே நேரத்தில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறும் கூடையோடு வீடு திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

இதில் யாரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது. மத்தி மறுநாள் வரை தாங்காது. கரைச் சந்தை காலை ஐந்து மணிக்குக் கூடி எட்டு மணிக்குக் கலைந்துவிடும். ஒரு கரையில் இறங்கி விலை பார்த்து, பிடிக்காமல் அடுத்த கரைக்குப் போனால் எரிபொருளும் போகும், சந்தையும் போயிருக்கும். ஆகவே எல்லோரும் சொந்தக் கரைக்கே வந்தார்கள். தட்டுப்பாடு பக்கத்துக் கரையில் காத்திருந்தது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த ஆண்டுதான் கோழிக்கோட்டில் கைபேசிக் கோபுரங்கள் வந்தன. 1998இல் கண்ணூர், 2000இல் காசர்கோடு. ஊர்கள் கரையோரமாக இருந்ததால் கோபுரங்களும் கரையோரமாக நின்றன. சிக்னல் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை போனது. மத்திப் படகுகள் பெரும்பாலும் அந்தத் தொலைவுக்குள்தான் வலை வீசும். மீனவர்களை மனதில் வைத்து எவரும் கோபுரம் நடவில்லை என்றே நினைக்கிறேன்.

கைபேசி இப்படி மாவட்டம் மாவட்டமாக வந்தது பொருளியலாளர் ராபர்ட் ஜென்சனுக்கு ஒரு பரிசோதனைக்கூடமாக அமைந்தது. ஒரு மாவட்டத்தில் கைபேசி இருக்கிறது, அடுத்ததில் இன்னும் இல்லை. மீன் ஒன்று, கடல் ஒன்று. 15 கரைகளில் 300 படகுகளை 1996 முதல் 2001 வரை வாராவாரம் கணக்கெடுத்து, 2007இல் முடிவை வெளியிட்டார். கரைக்குக் கரை இருந்த விலை ஏற்றத்தாழ்வு 60, 70 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியது. முன்பு பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வீணானது. அது அநேகமாக நின்றே போனது. மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. இருவருக்கும் எப்படி ஆதாயம் என்று தோன்றலாம். முன்பு கடலில் கொட்டப்பட்ட மீன் இப்போது யாரோ ஒருவரின் குழம்புச் சட்டிக்குப் போகிறது. அந்த மீனின் மதிப்பைத்தான் இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

படகோட்டி செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வலையை இழுத்ததும் இரண்டு மூன்று கரைகளுக்குப் போன் போடுகிறார். சொல்லப்பட்ட விலையிலிருந்து அங்கே போகும் எரிபொருள் செலவைக் கழிக்கிறார். மிஞ்சுவது எங்கே அதிகமோ அங்கே விலை பேசி முடித்த பிறகே படகைத் திருப்புகிறார். கணினி உலகில் இதே வேலைக்கு 'ரவுட்டிங்' என்று பெயர்: ஒரு செய்தியை எந்த வழியில் அனுப்புவது என்று தீர்மானிப்பது.

வங்கிக்கடன் விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆவணச் சரிபார்ப்பு, சொத்து மதிப்பீடு, மேலாளர் ஒப்புதல் என்று அது பல கைகள் மாற வேண்டும். பணியோட்ட மென்பொருளில் ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு செய்தி. நடுவில் இருந்து செய்திகளை வாங்கிப் பிரித்துவிடும் நிரலுக்கு மென்பொருள்காரர்கள் வைத்த பெயரே 'புரோக்கர்'தான். மீன் சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 2007இல் வெளிவந்த ராபிட்எம்க்யூ அப்படி ஒரு புரோக்கர். செய்தியின் மேல் ஒட்டியிருக்கும் குறிச்சொல்லைப் பார்த்து அதற்குரிய வரிசையில் சேர்க்கும். வேலை முடிந்தது என்று ஒப்புகை வரும்வரை அந்தச் செய்தியை அழிக்காது. அந்த வேலையை வாங்கிச் செய்யும் நிரல் நடுவில் செத்துப்போனால் வேறொன்றிடம் கொடுக்கும். செய்திக்குக் காலாவதி நேரமும் வைக்கலாம். மத்தியைப் போலத்தான். காலம் கடந்ததைத் தூக்கி எறியாமல் தனி வரிசையில் ஒதுக்கி வைத்தால், எங்கே ஆள் போதவில்லை என்று அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆள் போதாமை நேர்கோட்டில் வளர்வதில்லை என்பதுதான் இதில் பலரும் தவறவிடும் இடம். வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்துகொண்டிருக்கும் ஓர் எளிய வரிசையில், பணியாளர் பாதி நேரம் வேலையாக இருந்தால், வருகிற ஒருவர் சராசரியாக ஒரு வேலைக்கான நேரம் காத்திருக்க வேண்டும். 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் நான்கு வேலை நேரம். 90 என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. 90இலிருந்து 95க்குப் போகும் அந்த ஐந்து சதவீதத்தில் காத்திருப்பு இரட்டிப்புக்கும் மேலாகிவிடுகிறது. ஒரு தெருவில் ஒரே ஒரு தையற்கடை இருந்து, அது எப்போதும் நிரம்பியிருந்தால், இன்னொருவர் அங்கே கடை போடலாமா என்று யோசிப்பவர் பார்க்க வேண்டியது கூட்டத்தை அல்ல, துணி தைத்து வர ஆகும் நாட்களை.

செய்தி பரவினால் மட்டும் போதுமா? 'அந்தக் கரையில் விலை அதிகம்' என்று எல்லாப் படகுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் எல்லாம் அங்கேயே பாயும். அரை மணியில் வடகரையின் கதை அங்கே நடக்கும். கணினிகளிலும் இது நடக்கிறது. எந்த வரிசை குட்டையானது என்ற பழைய தகவலை நம்பி எல்லா வேலையும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். மீனவர்கள் இதற்குக் கண்ட வழி விலையைப் பேசி முடிப்பது. ஒரு வியாபாரி ஒத்துக்கொண்டுவிட்டால் அவருடைய தேவை பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது.

கணிதவியலாளர்கள் 1990களில் கண்டது இன்னும் விசித்திரம். பத்து லட்சம் வேலைகளைப் பத்து லட்சம் பெட்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், எங்கோ ஒரு பெட்டியில் எட்டு, ஒன்பது குவிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஏதாவது இரண்டே இரண்டு பெட்டிகளை எட்டிப் பார்த்து, குறைவாக உள்ளதில் போட்டால் உச்சம் நான்கைச் சுற்றியே நின்றுவிடும். எல்லாப் பெட்டிகளையும் பார்க்கத் தேவையில்லை. இரண்டு போன் அழைப்புகள் போதும் என்பது கணக்கின் தீர்ப்பு.

ஆனால் படகைத் திருப்பும் உரிமை எல்லோருக்கும் இருப்பதில்லை. வலைக்கும் எஞ்சினுக்கும் தரகரிடம் முன்பணம் வாங்கியவர் மீனை அவரிடமேதான் கொடுக்க வேண்டும். நம் கடற்கரைகளில் இது பழைய ஏற்பாடு. அந்த மீனவரின் பையிலும் போன் இருக்கிறது. பக்கத்துக் கரையின் விலையைக் கேட்டுக்கொண்டே சொந்தக் கரைக்கு வருகிறார்.