ஓவியம் மாட்டும் முன் சுவரைப் பாருங்கள்: பழைய ஆலை, குடோன்களில் கண்காட்சி நடத்துவோருக்கு

லண்டனில் 1981-இல் மூடப்பட்ட பேங்க்சைடு மின்நிலையம் 2000-இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. ஃபோர்ட் கொச்சியில் மிளகும் கயிறும் கையாண்ட ஆஸ்பின்வால் வளாகம் 2012-இல் முதல் கொச்சி பினாலே என்ற, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியின் முதன்மை அரங்கானது. இத்தகைய இடங்களைப் பார்த்துவிட்டு பழைய ஆலையையோ குடோனையோ வாடகைக்கு எடுப்பவர்கள், கூரையின் உயரத்தையும் வெளிச்சத்தையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் கலைப்படைப்புகளைக் கெடுப்பதில் முதலிடம் ஓதத்துக்குத்தான், அதாவது சுவரிலும் காற்றிலும் தங்கும் ஈரத்துக்கு.

ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக்காற்றில் இருக்கிறது. சுவர் ஈரம் என்றால் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் நிலைமை இன்னும் மோசமாகும்: வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி ப்ளைவுட் தடுப்பு நிறுத்துங்கள். காற்றோட மேலும் கீழும் இடைவெளி வேண்டும். புது ப்ளைவுட்டும் பெயின்ட்டும் விடும் வாடை காகிதத்துக்கு ஆகாது. ஒரு வாரமாவது ஆறவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்துவது தவறான சிக்கனம். காகிதமும் மரச்சட்டமும் தினமும் சுருங்கி விரிந்து நெளியும். அதைவிட, மின்விசிறியோடு சீரான காற்றோட்டம் நல்லது. நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) போதும். ஆலைக் கூரையின் கண்ணாடியில் அதைப் போலப் பல மடங்கு இறங்கும் என்பதால் திரை கட்டாயம்.

கனமான சிற்பத்தை இரும்புக் கைமரத்தில் (கூரையைத் தாங்கும் கம்பிச் சட்டம், ட்ரஸ்) தொங்கவிடுவதாக இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். பாரம் கைமரத்தின் கம்பிகள் ஒன்றுசேரும் இணைப்பு முனைகளில் இறங்க வேண்டும். இரண்டு முனைகளுக்கு நடுவே கம்பியில் கட்டினால் அது வளையும். மரத்தளம் உள்ள மச்சில் உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். அங்கே உளியால் குத்திப் பார்க்காமல் மேலே யாரையும் ஏற்ற வேண்டாம்.

தூசியைச் சிறிதாக எண்ணாதீர்கள். 2010-இல் டேட் மாடர்னின் டர்பைன் மண்டபத்தில் சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். பார்வையாளர்கள் மேலே நடக்கலாம் என்றிருந்த ஏற்பாடு, கிளம்பிய பீங்கான் தூசியால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. நம்மூர்க் குடோன்களில் அதைவிட ஆபத்தானது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. விளக்கு மாட்டுவதற்காக அதில் துளையிடவோ, உடைந்த துண்டுகளை உலர்ந்தபடி பெருக்கவோ கூடாது. அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கிவிடும்; நோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஷீட் விரிசல் விட்டிருந்தால் அந்தப் பகுதிக்குள் யாரும் போகாதபடி அடைத்துவிட்டு, விளக்குகளைத் தரையில் ஊன்றிய சட்டத்தில் மாட்டுங்கள்.