ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள்

இந்த முகூர்த்த சீசனிலும் அதே கதைதான். வடபழனி மண்டபம் ஒன்றில் எடுத்த கல்யாண வீடியோவை எடிட்டுக்குக் கொண்டுவந்த தம்பி, "அண்ணா, அட்சதை போடுற இடத்தை மட்டும் நாலு மடங்கு ஸ்லோ பண்ணிடுங்க" என்றார். கிளிப்பைத் திறந்தால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் விழுகிறது. "இதை ஸ்லோ மோஷன்ல எடுக்கலையே தம்பி" என்றேன். "அதான் எடிட்டிங்ல பண்ணிக்கலாமேண்ணா!" பெண் வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்ட காட்சி அது. தாலி கட்டுவதைத் திரும்ப ஒரு முறை எடுக்க முடியுமா?

இந்த ஒரு நம்பிக்கையை எப்படியாவது ஒழிக்க வேண்டும். 25 ஃப்ரேமில் எடுத்தால் ஒரு விநாடிக்கு 25 படங்கள் இருக்கும். அதை நான்கு விநாடிக்கு இழுத்தாலும் அதே 25 படங்கள்தான். விநாடிக்கு ஆறு படம் மிஞ்சும். நடுவில் இருக்க வேண்டிய 75 படங்களை எந்த கேமராவும் எடுக்கவில்லை. சாஃப்ட்வேர் என்ன செய்யும்? ஒரே படத்தை நான்கு முறை காட்டும், அப்போது காட்சி தத்தித் தத்திப் போகும். அல்லது இரண்டு படங்களைக் கலக்கும், அப்போது உருவம் இரட்டையாகத் தெரியும். அதுவும் இல்லையென்றால் ஆப்டிகல் ஃப்ளோ என்று நடுப்படங்களை ஊகித்து வரையும். மணப்பெண் மெல்லத் தலை நிமிர்த்தும் காட்சி என்றால் இந்த ஊகம் ஓரளவு பலிக்கும். நூற்றுக்கணக்கான அரிசி மணிகள் ஒன்றையொன்று தாண்டி விழும் இடத்தில் எந்த மணி எங்கே போனது என்று அதற்கு எப்படித் தெரியும்? மஞ்சள் கோடுகளாக இழுபடும், மாலை விரலோடு ஒட்டிக்கொள்ளும். "இப்போ ஏஐ வந்துடுச்சே" என்பவர்களுக்கும் இதே பதில்தான். அதுவும் நடக்காததை வரைகிறது, கொஞ்சம் அழகாக. போதாக்குறைக்கு 1/50 ஷட்டரில் எடுத்த ஒவ்வொரு மணியும் ஏற்கெனவே கலங்கிப் பதிவாகியிருக்கும். அதை யாராலும் சரியாகத் தெளிய வைக்க முடியாது.

ஃபிலிம் காலத்தில் இந்த அலட்சியத்துக்கு இடமே இல்லை. 400 அடி 35 எம்.எம். ரோல் 24 ஃப்ரேமில் நாலரை நிமிடம் ஓடும். நாலு மடங்கு ஸ்லோவுக்காக கேமராவை 96 ஃப்ரேமில் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எந்த ஷாட்டுக்கு வேகம் கூட்டுவது என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவார்கள்.

சரி, எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்? 25 ஃப்ரேமில் ஓடப்போகும் வீடியோவில் பாதி வேகம் போதுமென்றால் 50 ஃப்ரேம், கால் வேகம் வேண்டுமென்றால் 100. ஷட்டரை ஃப்ரேமின் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வையுங்கள், 50 ஃப்ரேமுக்கு 1/100, 100 ஃப்ரேமுக்கு 1/200. 1/50இலிருந்து 1/200க்குப் போனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். வெயிலில் கவலையில்லை. மண்டபத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்வை, ஏற்றி இருட்டில் புள்ளி புள்ளியாக வாங்கி வராதீர்கள், ஒரு விளக்கு கூடுதலாக வையுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் தவறவிடும் விஷயம் மினுக்கல். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். "நூறைவிட நூற்றிருபது பெரிசுதானே" என்று கேமராவை, 60 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள ஊர்களுக்கான என்டிஎஸ்சி (NTSC) முறைக்கு மாற்றி 120இல் எடுக்கிறார்கள். விளக்கின் 100 துடிப்போடு 120 படம் பொருந்தாது. மெதுவாக ஓட்டினால் மேடையே துடிக்கும், அதையும் எடிட்டில் முழுசாக எடுக்க முடிவதில்லை. நம் 50 ஹெர்ட்ஸுக்கான பிஏஎல் (PAL) முறையிலேயே இருங்கள். மண்டபத்துக்குள் 50 ஃப்ரேம், 1/100 ஷட்டர் என்றால் மினுக்கலும் வராது, அசைவும் இயல்பாக இருக்கும். 100 ஃப்ரேம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் அப்போதும் 1/100தான். அசைவு கொஞ்சம் மழுங்கும், மினுக்கலுக்கு அது எவ்வளவோ மேல். மலிவு எல்இடி, சீரியல் செட் மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்காது. முந்தின நாள் ரிசப்ஷனுக்கு விளக்கு போட்டதும் பத்து விநாடி எடுத்து, கேமரா திரையிலேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, பல கேமராக்களின் ஸ்லோ மோஷன் முறையில் சத்தம் பதிவாகாது. கெட்டிமேளம் இல்லாத தாலிகட்டு யாருக்கு வேண்டும்? ஒரு கேமரா எப்போதும் 25இல், மைக்கோடு ஓடட்டும்.

ஈசிஆரில் பாட்டு வைத்து ப்ரீ வெட்டிங் எடுப்பவர்களுக்கு ஒரு வழி. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் மாற்றி எடுத்துப்போய் ஸ்பீக்கரில் போடுங்கள். ஜோடி அந்த வேகத்துக்கு வாயசைக்கட்டும், நீங்கள் 50 ஃப்ரேமில் எடுங்கள். 25இல் ஓட்டும்போது உதடு அசல் பாட்டோடு பொருந்தும், முடியும் முந்தானையும் மட்டும் மெதுவாகப் பறக்கும். சினிமாவில் பல காலமாகச் செய்வது இதுதான். இதற்கென்று தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

ஃபாஸ்ட் மோஷனில் எடிட்டிங் உங்களுக்குக் கைகொடுக்கும், இருக்கிற படங்களைக் குறைப்பது சுலபம். ஆனாலும் மெரினாவில் சூரியன் எழுவதை ஒரு மணி நேரம் முழு வீடியோவாக எடுத்து, 45 ஜிபியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஐந்து விநாடிக்கு ஒரு படம் என்று டைம்லாப்ஸில் வைத்தால் 720 படம், 25 ஃப்ரேமில் கிட்டத்தட்ட 29 விநாடி. வொயிட் பேலன்ஸும் (நிறச் சமநிலை) ஃபோகஸும் மேனுவலில் இருக்கட்டும். காற்றுக்கு டிரைபாடின் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி பூக்கும், கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அட்சதை, மாலை மாற்றுவது, ஊஞ்சல் என்று எதையெல்லாம் மெதுவாகப் பார்க்க ஆசைப்படுகிறீர்களோ, அதை புக் பண்ணும்போதே வீடியோக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆல்பம் பார்க்க வரும் அன்று சொன்னால், உங்களுக்கு இல்லை என்று சொல்வதைத் தவிர எங்களிடம் வேறு வழி இருக்காது.