நூறே நூறு வார்க்கப்படாத வெள்ளிக்காசுகள்

1517 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் நடைமுறைகளை எதிர்த்து மார்ட்டின் லூதர் முன்வைத்த 95 கருத்துரைகளைச் சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டண்டுகள்) தங்கள் தொடக்கமாகக் கொள்வதால், அதன் முதல் நூற்றாண்டான 1617-இலேயே ஜெர்மனியின் சாக்சனியில் நினைவு வெள்ளிக்காசுகள் வெளியாயின. நானூறாம் ஆண்டோ, முதல் உலகப்போரின் நடுவே வந்தது. அப்போது சாக்சனியின் முல்டன்ஹூட்டன் நாணயச்சாலை, லூதருக்கு வார்ட்பர்க் கோட்டையில் புகலிடம் அளித்த சாக்சனி ஆட்சியாளர் பிரெடெரிக்கின் உருவத்துடன் மூன்று மார்க் காசுகள் நூறு மட்டுமே அச்சிட்டது. அதை வெளியிட்ட சாக்சனி அரசர் கத்தோலிக்கர் என்பது வரலாற்றின் வேடிக்கை.

இவ்வளவு அரிய காசுக்குப் போலிகள் பெருகுவது இயல்பே. அசலைச் சோதிக்க உதவும் முதல் அளவு, அன்றைய ஜெர்மன் பேரரசின் நாணயச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு கிலோகிராம் தூய வெள்ளியிலிருந்து 200 மார்க் என்பது விதியாதலால், மூன்று மார்க்கில் 15 கிராம் வெள்ளி இருக்க வேண்டும். அது ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தூய்மை கொண்டதாகையால் மொத்த எடை 16.667 கிராம் ஆகிறது. எஞ்சிய பத்து விழுக்காடு செம்பு. வெள்ளியைவிடச் சிறிய செம்பு அணுக்கள் உலோக அடுக்குகள் எளிதில் வழுக்குவதைத் தடுப்பதால், மென்மையான வெள்ளி தேய்மானத்தைத் தாங்கும் அளவுக்கு உறுதிப்படுகிறது.

எடையை மட்டும் பார்த்தால் ஏமாறக்கூடும். அடர்த்தியையும் பார்க்க வேண்டும். தூய வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 என்பதால், இக்கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 10.3 ஆகும். ஆகவே நூலில் கட்டித் தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தினால் அசல் காசின் எடை சுமார் 1.6 கிராம் குறைந்து தெரியும். அதே எடையுள்ள பித்தளைக் காசு இரண்டு கிராமை ஒட்டி இழக்கும்.

சரியான வெள்ளிக் கலவையிலேயே செய்த போலியிடம் இச்சோதனை செல்லாது. அங்கே, காசு உருவான விதத்தைத்தான் நாட வேண்டும். அசல் காசுகள், மெருகேற்றிய வில்லைகளை மெருகேற்றிய அச்சுகளுக்கு இடையில் வைத்து அழுத்தப்பட்டவை. ஆதலால் வெற்றுப்பரப்பு கண்ணாடிபோல் மின்னும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியோ, உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் சற்றே சிறுத்து, வாயுக் குமிழிகள் விட்ட நுண்குழிகளோடு, கூர்மை மழுங்கிய எழுத்துகளைக் கொண்டிருக்கும். உருப்பெருக்கியில் இவை தெரியும். முகப்பைத் திருத்தமாக நகலெடுப்பவர்களும் விளிம்பில் பொறித்த ‘காட் மிட் உன்ஸ்’ (கடவுள் நம்மோடு) என்ற ஜெர்மன் வாசகத்தில் சறுக்குவதுண்டு. ஆகவே அனுபவமுள்ள சேகரிப்பாளர் காசை விளிம்பிலிருந்தும் பார்ப்பார்.