விட்டுப்போன ஒன்றரை வயது ஊசி

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் 'அஞ்சு வயசு ஊசி' போடக் கூட்டிவரும் பிள்ளைகளின் அட்டையைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். 2019, 2020-ல் பிறந்த பிள்ளைகள் சிலரின் அட்டை ஒரே மாதிரி இருக்கும். பிறந்தவுடன் போட்டவை இருக்கும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளுக்குத் தேதி இருக்கும். ஒன்பதாம் மாதம்கூடப் பெரும்பாலும் இருக்கும். அதன்பிறகு வரும் ஒன்றரை வயது ஊசிக்கு வெறும் கட்டம்தான். கேட்டால், "அது கொரோனா நேரமுங்க டாக்டர், அப்படியே விட்டுப்போச்சுங்க" என்பார்கள்.

இவர்கள் ஊசியே வேண்டாம் என்றவர்கள் அல்லர். 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்திருந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு வாதாடலாம். 'அப்புறம் போட்டுக்கலாம்' என்பவரோடு வாதாட எதுவும் இல்லை. அவர் நம் பேச்சை முழுக்க ஒத்துக்கொள்வார். ஆனால் வரமாட்டார்.

அன்றைக்கு வராததற்குக் காரணங்களும் இருந்தன. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் மாட்டிய மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. தொற்று கண்டு தகரம் அடித்த தெருக்களில் வெளி ஊசி முகாம்கள் நின்றன. கட்டுப்பாடு நீங்கி 14 நாள் கழித்தே மறுபடி நடத்தலாம் என்று விதி. புதன்கிழமை தோறும் துணை சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நர்சம்மா, வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போய்விட்டார். இவற்றோடு நம் பக்கத்து வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண் அங்கேயே மாட்டிக்கொண்டாள். பதிவு பல்லடத்தில், குழந்தை கோபிச்செட்டிபாளையத்தில் அம்மிச்சி வீட்டில். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், பஸ் இல்லை. பல்லடத்து நர்சம்மாவின் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. கோபி நர்சம்மாவுக்கு அப்படியொரு குழந்தை இருப்பதே தெரியாது. இப்படி இரண்டு ஊருக்கும் நடுவில் காணாமல் போன பிள்ளைகள்தாம் பின்னாளில் என்னிடம் அதிகம் வந்தவர்கள்.

ஆனால் தடை எல்லாம் நீங்கிய பின்னும் பலர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலே கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். 2021 மே மாதக் கடைசியில் கோயம்புத்தூரின் தினசரி எண்ணிக்கை சென்னையையே மிஞ்சியபோது எங்களுக்கும் அது இருந்தது. எந்தப் பக்கம் ஆபத்து கூடுதல் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம். ஆப்பிரிக்க நாடுகளை வைத்து ஆய்வாளர்கள் அப்படி ஒரு கணக்குப் போட்டு 2020-ல் வெளியிட்டார்கள்: ஊசி போடப் போனதால் தொற்றி நேரக்கூடிய ஒரு கொரோனா மரணத்துக்கு எதிரே, அந்த ஊசிகள் தடுக்கும் குழந்தை மரணங்கள் 84. இது நேரில் எண்ணியதல்ல, மதிப்பீட்டுக் கணக்கு. நம்மூர் எண் வேறாக இருக்கும். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காங்கோவில் நடந்ததோ கணக்கல்ல, கண்கூடு. 2018-ல் தொடங்கிய எபோலா அங்கே 2,200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உலகமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நாட்டில் 2019-ல் பரவிய தட்டம்மை 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, பெரும்பாலும் சிறு குழந்தைகளை.

இங்கே உடனே எதுவும் நடக்கவில்லை. பள்ளி, பால்வாடி, திருவிழா எல்லாம் நின்றிருந்ததால் மற்றக் கிருமிகளுக்கும் வழியடைத்துப்போனது. 'ஊசி போடலையே, ஒண்ணும் ஆகலையே' என்ற தைரியம் அப்போது வந்ததுதான். எல்லாம் திறந்த பிறகு, 2022 கடைசியில், மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். உலக அளவில் 2021-ல் மட்டும் சுமார் 2.5 கோடிக் குழந்தைகளுக்கு முத்தடுப்பூசி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான ஊசி) முழுமையாகக் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லின.

ஒன்றரை வயது ஊசியைப் பலர் 'பூஸ்டர்தானே' என்று இளக்காரமாக நினைக்கிறார்கள். தட்டம்மை விஷயத்தில் அது பூஸ்டரே அல்ல. ஒன்பதாம் மாதம் போடும் முதல் தவணை நூற்றில் சுமார் 85 பிள்ளைகளிடம்தான் பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு அப்போதும் மிச்சமிருப்பது ஒரு காரணம். பிடிக்காமல் போன பிள்ளை எது என்று வெளியே தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது தவணைதான் உண்மையில் முதல் தவணை. தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து, எதிர்ப்பில்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவும். அதனால்தான் நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் வேண்டும் என்கிறோம். ஒன்றரை வயதில் அதோடு போடும் முத்தடுப்பூசி, அந்த மூன்று நோய்க்கும் கரையத் தொடங்கிய எதிர்ப்பை மீட்டெடுக்கும். (மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் பல காலமாக இந்த முத்தடுப்பூசி தயாரித்த இடம். இது தெரியாமலேயே ஊட்டி பஸ்ஸில் எத்தனை முறை அதைக் கடந்திருப்போம்!)

'மணல்வாரி ஒரு தடவை வந்து போனா உடம்புக்கு நல்லதுங்க' என்று, தட்டம்மையைத்தான், அப்பாரு, ஆத்தா யாராவது சொல்வார்கள். வேப்பிலை கட்டுவதிலும் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதிலும் எனக்கு மறுப்பில்லை. மூச்சு வாங்கும் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தால்தான் சண்டை போடுவேன். ஆனால் 'நல்லது' என்பது தலைகீழ். ஊசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தை தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம்வரை அழிந்திருந்தது. தேறிய பிறகும் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் சளி, வயிற்றுப்போக்கு என்று அலைவது இதனால்தான்.

சரி, விட்டுப்போனவர்கள் என்ன செய்வது? முதலில், திட்டு விழும் என்று பயந்து வராமல் இருக்காதீர்கள். எத்தனை வருடம் தள்ளிப்போயிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி வெவ்வேறு இடத்தில் போட்டால் தப்பில்லை. முத்தடுப்பூசியை ஏழு வயதுவரை போடலாம், அதற்குமேல் டி.டி. (Td) எனப்படும், ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான இருதடுப்பூசி. அரசுத் திட்டத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஐந்து வயதுவரை உண்டு. தாண்டியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டுக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தை ஒரு வயதுக்குப்பின் தொடங்க முடியாது. அது போனது போனதுதான். லேசான சளி, இருமல், பல் முளைப்பது எதுவும் தள்ளிப்போடக் காரணமில்லை.

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 2020-ல் சிறப்பு ரயிலேறி பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போய், ஆலை திறந்ததும் குழந்தையோடு திரும்பியவர்கள். அட்டை எங்கேயோ தொலைந்திருக்கும். 'அட்டை கொண்டு வா' என்று அவர்களைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை மறுபடி வராது. எழுத்தில் சான்று இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வயதுக்கு உரியதைப் போட்டுவிடலாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் ஒரு தவணை கூடுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆதார் இல்லை, விலாசம் வெளியூர் என்பதெல்லாம் தடையாகக் கூடாது. பனியன் கம்பெனி விடுதிப் பொறுப்பாளர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: உங்கள் விடுதியில் குழந்தையோடு இருக்கும் குடும்பங்களின் பட்டியலை அந்தப் பகுதி நர்சம்மாவிடம் கொடுங்கள். புதன்கிழமை காலை அந்தத் தாய்க்கு இரண்டு மணி நேரம் அனுமதியும் கொடுங்கள், சம்பளப் பிடித்தம் இல்லாமல்.