பெற்றோரை நகரத்துக்குக் கூட்டி வருவதற்கு முன்

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 78. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "தனியா விட மனசு வரல டாக்டர்" என்று பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன் அவரைச் சோழிங்கநல்லூரில் தன் ஒன்பதாவது மாடி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். வந்த ஆறாவது இரவு, சிறுநீர் கழிக்க எழுந்தவர் இருட்டில் வலப்பக்கம் திரும்பி நடந்தார். கழிவறை இருந்தது இடப்பக்கம். அலமாரியில் மோதி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்தபடியே கையை மட்டும் காற்றில் நீட்டிக் காட்டினார். "ஊர்ல எந்திரிச்சு கை நீட்டுனா பீரோ. பீரோவத் தாண்டுனா தூண். தூண விட்டா புறவாசக் கதவு. நாப்பது வருஷமா லைட்டே போட்டதில்ல. இங்க கைக்கு ஒண்ணும் தெரியல தம்பி."

முதியோர் மருத்துவம் பார்க்கும் எனக்கு அந்த வார்த்தை அப்படியே தங்கிவிட்டது. ஊர் மாறலாமா என்று யோசிக்கும்போது எல்லோரும் வாடகை, மருத்துவமனை, செலவு என்று கணக்குப் போடுகிறோம். கைக்கும் காலுக்கும் தெரிந்திருந்த ஒரு வீட்டை அவர்கள் விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. நாற்பது வயதில் நாம் வீடு மாறினால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பார்வை மங்கி, காது மந்தமாகி, கால் உணர்ச்சி குறைந்த எண்பது வயதுக்கு அது மாதக்கணக்கில் இழுக்கும். சிலருக்குக் கடைசிவரை பழகுவதில்லை.

இதைச் சொல்வதால், கூட்டி வராதீர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். தனியாக இருக்கும் ஒருவர் இரவு பத்து மணிக்கு வாய் கோணிக் கிடந்து, காலையில் பால்காரர் கதவைத் தட்டித்தான் தெரியவருகிறது என்றால் அந்த நேரம் போயே போய்விட்டது. அடிக்கடி விழுகிறவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர், அடுப்பை அணைக்க மறப்பவர் தனியாக இருப்பது ஆபத்து. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எப்போது, எப்படிக் கூட்டி வருகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

பெரும்பாலான குடும்பங்கள் இந்த முடிவை ஒரு சாவு வீட்டிலோ ஐ.சி.யூ. வாசலிலோதான் எடுக்கின்றன. துணையை இழந்த ஒருவருக்கு அடுத்த மாதமே வீடும் போகிறது, தெருவும் போகிறது, துக்கம் கேட்க வரும் ஆட்களும் போய்விடுகிறார்கள். முடிந்தால் பிள்ளைகளில் ஒருவர் மாற்றி ஒருவர் ஊருக்குப் போய் அந்த முதல் சில மாதங்கள் கூட இருங்கள். இரண்டு பேரும் உயிரோடு, நடமாட்டத்தோடு இருக்கும் 65, 70 வயதில் மாறுவது எவ்வளவோ மேல். புது ஊரில் கடைக்குப் போய், பூங்காவில் நாலு பேரைப் பழக்கம் பிடிக்கக் கால்களில் தெம்பு இருக்கும்.

அப்புறம் மாத்திரை. இடம் மாறிய முதல் மாதத்தில் என்னிடம் வரும் சிக்கல்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும். ஓர் அம்மா, வயது 72, இரவில் வியர்த்து மயங்கி விழுகிறார் என்று அழைத்து வந்தார்கள். ஊரில் ஏழரை மணிக்கே இரவுச் சாப்பாடு. அதனால் ஏழு மணிக்குச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையைப் போடுவார். இங்கே மருமகள் வேலை முடிந்து வந்து எல்லோரும் உட்கார ஒன்பதரை ஆகிறது. அம்மா வழக்கம்போல ஏழு மணிக்கே மாத்திரையைப் போட்டுவிடுகிறார். பசிக்கிறது என்று சொல்லக் கூச்சம். எட்டரை மணிக்குச் சர்க்கரை 50-க்குக் கீழே. அவருக்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஏழரை மணிக்கு இரண்டு இட்லி தேவைப்பட்டது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் வந்ததிலிருந்து ஊரில் பலருக்கு ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நகரத்துக்கு வரும்போது அந்த அட்டைகளும் பையோடு வரும். இங்கே வேறொரு மருத்துவர் அதே அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை ஒரு கம்பெனிப் பெயரில் எழுதித் தருவார். பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு கால் வீங்கி, தலைசுற்றி வருகிறார்கள். புது மருத்துவரிடம் முதல் முறை போகும்போது சீட்டை மட்டும் நீட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள்.

"சென்னைக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்கு மறதி வந்துச்சு" என்று பிள்ளைகள் என்னிடம் அழுதிருக்கிறார்கள், தாங்கள்தான் காரணம் என்று. பல நேரங்களில் மறதி முன்பே இருந்திருக்கும். உப்பு டப்பா இருக்கும் இடம், பூக்காரி வரும் நேரம், தெருமுனைக் கோயில் மணி என்று பழைய வீடு அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். அதனால் இடம் மாற்றுவதற்கு முன்பே நினைவாற்றல் பரிசோதனை செய்துவிடுங்கள். கண்ணையும் காதையும் கூடவே பாருங்கள். பெங்களூருக்குக் கூட்டிப் போகிறவர்கள் காதை விட்டுவிடவே கூடாது. தெரியாத மொழி பேசும் ஊரில் காதும் கேட்கவில்லை என்றால் மனிதர் நாலு சுவருக்குள் ஒடுங்கிவிடுவார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வந்த சில நாட்களில் திடீரென்று நாள், இடம் தெரியாமல் உளறினால், இரவெல்லாம் தூங்காமல் எழுந்து எழுந்து நடந்தால், "ஊர் ஏக்கம், சரியாயிடும்" என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், மாத்திரைக் குழப்பம் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒத்திகை பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஆனால் மே மாதத்தில் பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது வந்து தங்குவது ஒத்திகை ஆகாது. பள்ளி நடக்கும் நாட்களில், காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை பூட்டிய கதவுக்குள் எப்படிப் பொழுது போகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று மாதமாவது தேவை. கட்டிலைப் போடும்போது, ஊரில் கழிவறை எந்தப் பக்கமோ அதே பக்கம் இருக்கும்படி போடுங்கள். கழிவறையில் பிடிமானக் கம்பியும் வழியில் இரவு விளக்கும் அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே இருக்க வேண்டும். ஊரிலிருந்து எதைக் கொண்டு வருவது என்று கேட்டால் அவர்களுடைய நாற்காலியைச் சொல்வேன்.

ஊர் வீட்டை ஒரு வருடமாவது விற்காமல், வாடகைக்கு விடாமல் வைத்திருங்கள். திரும்பிப் போகலாம் என்ற வழி இருந்தாலே பாதிப் பேர் இங்கே நிம்மதியாக இருப்பார்கள். சொத்தை எழுதிக் கொடுப்பதாக இருந்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லிப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது.

மூன்று பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு நாலு மாதம் என்று பங்கு போடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு நாலு மாதமும் ஒரு புது வீடு, ஒரு புதுக் கழிவறை, ஒரு புது மருத்துவர். எண்பது வயதில் அதைத் தாங்க முடியாது.

ஊரா சென்னையா என்று இரண்டே வழிதான் இருப்பதாகவும் நினைக்க வேண்டியதில்லை. அந்த ஆசிரியர் நாலு மாதத்தில் வாக்கர் வைத்து நடக்கத் தொடங்கியதும், ஊருக்குப் போகிறேன் என்றார். மகனுக்குப் பயம். கடைசியில் திருநெல்வேலியில், தங்கை வீட்டுத் தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதே ஊரில் இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து பழைய மாணவர்கள் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சமையலுக்கு ஓர் அம்மாவும் இரவில் துணைக்கு ஒரு பையனும் இருக்கிறார்கள். மகன் மாதம் இரண்டு முறை போகிறார். முதல் முறை போனபோது ஊர் வீட்டு பீரோவைக் கொண்டுவந்து கட்டிலுக்கு வலப்பக்கம் வைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார்.